கடனுக்குத் தூக்கிய வண்டி: சிகாகோவின் அபராதக் கணக்கு

2017 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். சிகாகோ மாநகராட்சி ஒரு பெண்ணின் 2015 மாடல் கியா சோல் காரை இழுத்துக்கொண்டு போய் யார்டில் போட்டது. உரிமம் முடக்கப்பட்டிருந்தபோது வண்டி ஓட்டினார் என்று அவர்மீது முன்பே ஒரு வழக்கு இருந்தது. அதுதான் காரணம். அந்தக் காரில்தான் அவர் வேலைக்குப் போவார், சின்ன மகளைக் காப்பகத்தில் விடுவார், வாரக் கடைசியில் வயதான பெற்றோரைக் கவனிக்கப் போவார்.

ஐந்து வாரம் கழித்து, 2018 ஜனவரி 31 அன்று, அவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார். திவால் மனு போட்டவரிடம் தனித்தனியாகப் போய்க் கடன் வசூலிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்தத் தைரியத்தில் வண்டியைத் திருப்பிக் கேட்டார். மாநகராட்சி கொடுக்க மறுத்தது. நீதிமன்றத்தில் அது காட்டிய நிலுவைத் தொகை கடைசியில் 11,831 டாலர் 20 சென்ட்டில் வந்து நின்றது. அதற்குள் 1999-இல் விழுந்த அபராதம்கூட இருந்தது. அதாவது 1999-ஆம் வருஷத்துப் பாக்கிக்கு, 2015-இல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த ஒரு கார் பிணை.

இந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே என்ன ஆயிற்று என்பதைப் பிறகு பார்க்கலாம். இதை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. போக்குவரத்து அபராதம் நியாயமா என்று பொதுவாகக் கேட்டால் இரண்டே கட்சிதான் கிடைக்கும். தப்புப் பண்ணினால் கட்ட வேண்டியதுதானே என்பார் ஒருவர். எல்லாம் பகல் கொள்ளை என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே ஓரளவுக்குச் சரி, அதனால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஒரு ஊரின் கணக்கை வரி வரியாகப் பார்த்தால் வேறொரு கேள்வி எழுகிறது. இந்த வண்டியை எதற்காகத் தூக்கினார்கள்?

இரண்டு வகைத் தூக்கல்

தீயணைப்புக் குழாயை மறித்து ஒருவர் காரை நிறுத்துகிறார். ஆம்புலன்ஸ் போகும் வழியில் நிறுத்துகிறார். பனி அள்ளும் வண்டி வரும் தெருவில், எச்சரிக்கைப் பலகை இருந்தும் விட்டுவிட்டுப் போகிறார். அந்த வண்டியைத் தூக்கத்தான் வேண்டும். தூக்கிய செலவை அவரிடம் வாங்குவதிலும் தப்பில்லை. இது இடத்துக்காகத் தூக்குவது. வண்டி நகர்ந்ததும் பிரச்சினை தீர்ந்தது.

இன்னொரு வகை இருக்கிறது. வண்டி அதன் சொந்தக்காரர் வீட்டு வாசலில், நிறுத்தலாம் என்று அனுமதி உள்ள இடத்தில், யாருக்கும் தொந்தரவில்லாமல் நிற்கிறது. ஆனால் அவர் பெயரில் பழைய அபராதச் சீட்டுகள் கட்டாமல் கிடக்கின்றன. சிகாகோ விதிப்படி மூன்று சீட்டு பாக்கி இருந்தால் போதும். ஒரு வருஷத்துக்கு மேல் பழையது என்றால் இரண்டே போதும். சக்கரத்தில் மஞ்சள் பூட்டு விழும். 24 மணி நேரத்துக்குள் பணம் கட்டாவிட்டால் வண்டி யார்டுக்குப் போய்விடும்.

அந்தப் பூட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வண்டி நகரவே கூடாது என்பதற்காகப் போடுவது அது. உண்மையிலேயே வழியை மறித்து நிற்கிற வண்டிக்கு அதை யாராவது போடுவார்களா? பூட்டு விழுந்திருக்கிறது என்றாலே அந்த வண்டி நின்ற இடத்தால் ஊருக்கு எந்த இடைஞ்சலும் இல்லை என்று மாநகராட்சியே ஒப்புக்கொண்ட மாதிரிதான். இது கடனுக்காகத் தூக்குவது. இரண்டுக்கும் ஒரே லாரி, ஒரே கொக்கி, ஒரே யார்டு என்பதால் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. இந்த ஆய்வு முழுக்க எனக்குக் கோபம் இரண்டாவது வகையின் மேல்தான்.

200 டாலர் 488 ஆன விதம்

சிகாகோவில் வண்டி வைத்திருப்பவர்கள் மாநகராட்சிக்கு வருடாந்திர வரி கட்டி, அதற்கான ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். 1908-இலிருந்து இருக்கிற வரி. அப்போது சாதாரணக் காருக்கு ஸ்டிக்கர் விலை 100 டாலருக்குள்தான் இருந்தது. ஒட்டாமல் விட்டால் அபராதம் 120 டாலர் என்று இருந்தது.

2011-இல் பட்ஜெட்டில் துண்டு விழுந்தது. ஸ்டிக்கர் விலையையே ஏற்றலாம் என்று மேயர் தரப்பு ஒரு யோசனையை வைத்தது. அது ஒழுங்காகக் கட்டுகிற குடும்பங்களைப் பாதிக்கும், அதற்குப் பதிலாகக் கட்டாமல் ஏமாற்றுகிறவர்களுக்கு அபராதத்தை ஏற்றலாம் என்றார் அப்போது நகர எழுத்தராக இருந்த சூசானா மெண்டோசா. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஏமாற்றுகிறவனுக்குப் பரிந்து பேச எந்த மாமன்றத்தில் யார் எழுந்து நிற்பார்? அபராதம் 200 டாலர் ஆயிற்று. வருஷத்துக்கு 1.6 கோடி டாலர் கூடுதலாக வரும் என்று சொன்னார்கள்.

வரவில்லை. 2018-இல் புரோபப்ளிகா என்ற புலனாய்வு இதழ் மாநகராட்சியின் சீட்டுக் கணக்குகளை எடுத்துப் பார்த்தபோது, கூடுதலாக வசூலானது அதில் ஒரு சிறு பங்குதான் என்று தெரிந்தது. ஏறிக்கொண்டே போனது வராக்கடன்தான். ஸ்டிக்கர் அபராதத்தால் மட்டும் சேர்ந்த பாக்கி சுமார் 27.5 கோடி டாலர். காரணம் ரொம்ப எளிது. 100 டாலருக்குள் இருந்த ஸ்டிக்கரை வாங்கக் காசில்லாதவரிடம் 200 டாலர் கேட்டிருக்கிறார்கள். அவர் கட்டவில்லை. அப்போதைய விதிப்படி கெடு தாண்டியதும் தொகை இரட்டிப்பாகி 400 ஆனது. வசூல் ஏஜென்சிக்குப் போனால் அதன் மேல் 22 சதவீதம். ஆக மொத்தம் 488 டாலர். அந்த 488 டாலரும் ஒரு தடவையோடு நிற்கவில்லை. ஸ்டிக்கர் இல்லாத வண்டி மறுநாளும் ஸ்டிக்கர் இல்லாமல்தானே நிற்கும், அதற்கு மறுநாளும் இன்னொரு சீட்டு எழுதலாம் என்று அப்போது இருந்தது. ஒரே நாளில் ஒரே வண்டிக்கு இரண்டு சீட்டு எழுதிய கதையும் உண்டு. அப்படி இரட்டையாக விழுந்தவற்றில் சுமார் 23,000 சீட்டுகளைப் பிற்பாடு ரத்துசெய்ய வேண்டி வந்தது.

அதன் பிறகு சங்கிலி நீள்கிறது. இல்லினாய் மாநிலச் சட்டப்படி அப்போது பத்து நிறுத்தச் சீட்டு பாக்கி இருந்தால் ஓட்டுநர் உரிமம் முடங்கும். கவனியுங்கள், வேகமாக ஓட்டியதற்கோ குடித்துவிட்டு ஓட்டியதற்கோ முடங்கவில்லை. நிறுத்திய வண்டிக்கு விழுந்த அபராதத்தைக் கட்டாததற்காக, ஓட்டவே கூடாது என்று தடை. ஆனால் வேலைக்குப் போனால்தானே கட்ட முடியும்? அதனால் ஓட்டுவார்கள். போலீஸ் பிடிக்கும். முடங்கிய உரிமத்தோடு ஓட்டிய குற்றத்துக்கு வண்டி பறிமுதலாகும், அதற்குத் தனி அபராதம் 1,000 டாலர். முதலில் சொன்ன கியா சோல் யார்டுக்குப் போனது இந்தக் கணக்கில்தான்.

யார்டில் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அப்போதைய கட்டண விகிதத்தில் இழுவைக்கு 150 டாலர். முதல் ஐந்து நாள் தினம் 20 டாலர், அதன் பிறகு தினம் 35 டாலர். ஒரு மாதம் கிடந்தால் வாடகை மட்டும் 975 டாலர், இழுவையோடு சேர்த்து 1,125 டாலர். கையில் காசிருப்பவர் மறுநாள் காலையில் வந்து கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார். கடன் வாங்கி, சம்பள நாளுக்குக் காத்திருந்து, முறையீட்டு விசாரணைக்குத் தேதி வாங்கி வருகிறவருக்குத்தான் மீட்டர் ஓடுகிறது. ஒரே தப்பு, ஒரே விதி, ஆனால் பில் மட்டும் ஏழைக்குப் பெரிது.

காயலான் கடை விலை

இத்தனையும் செய்து மாநகராட்சிக்கு என்னதான் கிடைத்தது? எனக்கு இந்த விவகாரத்தில் எரிச்சலூட்டும் பகுதி இதுதான்.

சொந்தக்காரர் மீட்க வராத வண்டிகளை மாநகராட்சி விற்றுவிடும். 2019-இல் சிகாகோவின் வானொலி நிலையமான டபிள்யூபிஇஇசட் இந்த விற்பனைக் கணக்கை வெளியே கொண்டுவந்தது. 2011-இலிருந்து கடனுக்காகப் பிடித்து விற்ற வண்டிகள் ஏறக்குறைய 50,000. பெரும்பாலானவை ஏலத்துக்கே வரவில்லை. இழுவை ஒப்பந்தத்தை எடுத்திருந்த நிறுவனத்துக்கே பழைய இரும்பு விலைக்குப் போயின. வண்டிக்குச் சில நூறு டாலர், அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருந்த கார், உள்ளே குழந்தை இருக்கையோடு, காயலான் கடை விலைக்கு.

சரி, அந்தச் சில நூறு டாலராவது சொந்தக்காரரின் கடனில் கழிந்ததா? கழியவில்லை. வண்டி போன பிறகும் அபராதப் பாக்கி அப்படியே நின்றது. அடகுக் கடைக்காரர்கூட நகையை ஏலம் விட்டால் வந்த தொகையைக் கடனில் கழித்துவிட்டு மீதியைத்தான் கேட்பார். இங்கே நகையும் போயிற்று, கடனும் நின்றது.

யானை வயலில் இறங்கினால் தின்றதைவிட மிதித்ததுதான் அதிகம் என்று சொல்வார்களே, அதுதான் இந்தக் கணக்கு. சொந்தக்காரருக்கு நாலைந்தாயிரம் டாலர் பெறுமானமுள்ள சொத்தும் அதை நம்பியிருந்த வேலையும் போகின்றன. மாநகராட்சிக்கு ஒரு செல்போன் விலைகூடத் தேறுவதில்லை. அபராதம் என்பதே அரசு வருமானத்துக்காகத்தான் என்று குற்றம் சாட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கடனுக்கு வண்டி தூக்குவது வருமானமாகக்கூட உருப்படியான வருமானம் இல்லை. வண்டியின் விலையில் அவர்களுக்கு அக்கறையே கிடையாது. அதை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் காசு இருக்கிறது. வட்டிக்கு விடுகிறவர்கள் வீட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு போவார்கள் இல்லையா, அதே உத்தி.

பட்ஜெட்டுக்குள் ஒரு வரி

சிகாகோவுக்கு 2016-இல் அபராதச் சீட்டுகள் மூலம் வந்த பணம் சுமார் 26.4 கோடி டாலர். நடப்புச் செலவுக்கான 360 கோடி டாலர் பட்ஜெட்டில் அது ஏறத்தாழ 7 சதவீதம். 1990-இலிருந்து கட்டாமல் சேர்ந்த பாக்கி 145 கோடி டாலர்.

அபராதத்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அது ஒழுங்காக வேலை செய்தால் வருமானம் குறைய வேண்டும். எல்லோரும் சிவப்பு விளக்கில் நின்றுவிட்டால் கேமராவுக்குச் சம்பாத்தியமே இல்லை. ஆனால் ஒரு தடவை அந்த 7 சதவீதம் பட்ஜெட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், அடுத்த வருஷமும் அதே அளவு மக்கள் தப்புப் பண்ண வேண்டும் என்று நிதித் துறை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடும். வாய்விட்டு யாரும் சொல்ல மாட்டார்கள், மதிப்பீட்டு அட்டவணையில் எழுதிவிடுவார்கள். வட கரோலினா மாநிலத்தின் 1990 முதல் 2003 வரையிலான கணக்குகளை ஆராய்ந்த இரண்டு பொருளியலாளர்கள் இதைப் பளிச்சென்று காட்டினார்கள். உள்ளாட்சி வருமானம் குறைந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் அபராதச் சீட்டுகள் கூடின. வருமானம் ஏறிய வருஷத்துக்கு அடுத்து? குறையவில்லை.

சிகாகோவிலேயே ஒரு சின்ன உதாரணம். சிவப்பு விளக்குக் கேமரா இருந்த சந்திப்புகளில் மஞ்சள் விளக்கு குறைந்தது 3 விநாடி எரிய வேண்டும். 2014-இல் நகரத் தலைமை ஆய்வாளர் விசாரித்தபோது, மஞ்சள் 2.9 விநாடிதான் எரிந்தது என்று கேமரா பதிவு காட்டியும் அபராதம் விதித்திருந்தது தெரியவந்தது. அதற்கு முன்னால் அப்படிப்பட்ட சீட்டுகளை ஏற்பதில்லை. கேமராவை நடத்தும் ஒப்பந்ததாரர் மாறிய சமயத்தில் அந்த அளவுகோல் சத்தமில்லாமல் தளர்ந்திருக்கிறது. அப்படி விழுந்த சீட்டுகள் சுமார் 77,000. ஒவ்வொன்றும் 100 டாலர். ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு 77 லட்சம் டாலர்! பிறகு பழைய அளவுகோலுக்கே திரும்பினார்கள், ஆனால் வாங்கிய பணம் திரும்பவில்லை.

அந்தக் கேமரா ஒப்பந்தத்தின் கதையே தனி. முதலில் ஒப்பந்தம் எடுத்த ரெட்ஃப்ளெக்ஸ் நிறுவனத்திடம் லஞ்சம் வாங்கியதற்காக நகரப் போக்குவரத்துத் துறையின் முன்னாள் உயரதிகாரி ஜான் பில்ஸ் 2016-இல் பத்து வருஷம் சிறைத் தண்டனை பெற்றார். நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவுத் தலைவராக இருந்தவரும் சிறைக்குப் போனார். 2017-இல் நிறுவனம் மாநகராட்சிக்கு 2 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. ஒரு லஞ்ச வழக்கை வைத்து எல்லாக் கேமராவையும் குறை சொல்வது நியாயமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாலைப் பாதுகாப்பு என்று பெயர் வைத்த ஒன்றில் இத்தனை காசு புரண்டது என்பதைக் கவனிக்காமல் விடுவதும் நியாயமில்லை.

தண்டிக்கிறவருக்குத் தண்டனையில் பங்கு இருக்கக் கூடாது என்பது அமெரிக்க நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல. ஓஹியோவில் மேயரே நீதிபதியாக உட்கார்ந்து, குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னால் மட்டும் தனக்கு 12 டாலர் எடுத்துக்கொண்ட முறையை 1927-இலேயே உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. 1972-இல் அதே மாநிலத்தின் மன்ரோவில் என்ற சின்ன ஊரின் வழக்கு வந்தது. அங்கே மேயர் தன் பைக்கு எதுவும் எடுக்கவில்லை, எல்லாம் ஊர்க் கணக்குக்குத்தான் போயிற்று. 1964-இல் அந்த ஊரின் மொத்த வருமானம் 46,355 டாலர், அதில் 23,589 டாலர் மேயரின் நீதிமன்றம் கொண்டுவந்தது. சரிபாதிக்கும் மேல். ஊர் நிதியைப் பார்த்துக்கொள்கிற ஒருவர் நடுநிலையாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று அதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் 2015-இல் மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசன் பற்றி மத்திய அரசின் நீதித் துறை அறிக்கை வந்தது. 21,000 பேர் வசிக்கும் ஊர். விற்பனை வரி குறையப் போகிறது, வருஷம் முடிவதற்குள் சீட்டு எழுதுவதைக் கூட்டாவிட்டால் கஷ்டம் என்று நிதி இயக்குநர் போலீஸ் தலைவருக்கு 2010-இல் மின்னஞ்சல் எழுதியிருந்தார். அந்த அறிக்கையில் ஒரு பெண் வருகிறார். 2007-இல் ஒரே ஒரு தடவை காரைத் தவறான இடத்தில் நிறுத்தினார். அபராதம் 151 டாலரும் கட்டணமும். தவணையாக 25 டாலர், 50 டாலர் என்று அனுப்பியபோது முழுத் தொகை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஏழு வருஷத்தில் இரண்டு தடவை கைதாகி ஆறு நாள் சிறையில் இருந்தார், 550 டாலர் கட்டினார், அப்புறமும் 541 டாலர் பாக்கி என்றார்கள். வங்கிகூட இந்த வட்டிக் கணக்கைப் போடக் கூச்சப்படும்.

யார் தலையில் விழுகிறது

சிகாகோவில் ஆள்வீதம் சீட்டுக் கடன் மிகுந்த பத்து அஞ்சல் வட்டாரங்களை எடுத்தால், அதில் எட்டு கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழ்பவை என்றது புரோபப்ளிகா. அந்த எட்டு வட்டாரங்களுக்கு விழுந்தது நகரத்தின் மொத்தச் சீட்டுகளில் 22 சதவீதம். ஆனால் நகரத்தின் மொத்தச் சீட்டுக் கடனில் அவற்றின் பங்கு 40 சதவீதம். தப்பு ஏறக்குறைய எல்லா இடத்திலும் நடக்கிறது, சீட்டும் எல்லா இடத்திலும் விழுகிறது. கடனாக மாறித் தங்குவது காசில்லாத இடத்தில். வசதியான வடக்குப் பகுதியில் அது ஒரு செலவு. தெற்குப் பகுதியிலும் மேற்குப் பகுதியிலும் அது ஒரு கண்ணி.

இதன் விளைவை திவால் நீதிமன்றத்தில் பார்க்கலாம். கடனைத் தவணையாகக் கட்டிவிடுகிறேன் என்று போடும் தவணைமுறைத் திவால் மனுக்களில் மாநகராட்சிக்கான கடன் இடம்பெற்றவை 2007-இல் சுமார் 1,000. 2017-இல் 10,000-ஐத் தாண்டிவிட்டன. வழக்கமான பாக்கி 3,900 டாலர் அளவில். பெரிய தொழில் நொடித்தோ மருத்துவச் செலவிலோ திவாலானவர்கள் இல்லை இவர்களில் பலர். பார்க்கிங் சீட்டுக்காக மஞ்சள் கடுதாசி கொடுத்தவர்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கேமரா உயிரைக் காப்பாற்றவே இல்லை என்று சொன்னால் அது பொய். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், வேகக் கேமராக்கள் உயிரிழப்பும் படுகாயமும் விளைவிக்கும் விபத்துகளை 15 சதவீதம் குறைத்ததாகக் கண்டார்கள். அதே ஆய்வு, கறுப்பின, லத்தீன் குடும்பங்களுக்குச் சீட்டு மிக அதிகமாக விழுவதையும், தாமதக் கட்டணம் அதை இன்னும் மோசமாக்குவதையும் காட்டியது. கேமராவுக்குத் தோல் நிறம் தெரியாதே என்று கேட்கலாம். தெரியாதுதான். ஆனால் சாலையைப் போட்டவர்களுக்கு ஊர் தெரியும். அந்தப் பகுதிகளில் சாலைகள் அகலமானவை, நெடுஞ்சாலையை ஒட்டியவை, நடைபாதை குறைந்தவை. வேகமாகப் போகச் சொல்லும் சாலையைப் போட்டுவிட்டு, போனால் சீட்டு. சாலையைக் குறுக்கிக் கட்டினால் வேகம் தானாகக் குறையும், ஆனால் அதற்குச் செலவு உண்டு. கேமராவில் வரவு உண்டு.

கட்ட முடிகிற அளவுக்கு அபராதம் விதிக்க வழியே இல்லையா என்றால், பின்லாந்து 1921-இலிருந்து அதைச் செய்கிறது. சின்ன மீறல்களுக்கு நிலையான தொகை. பெரிய மீறல்களுக்கு அவரவர் நாள் வருமானத்தை வைத்துக் கணக்கு. 2023-இல் 50 கிலோமீட்டர் வேக எல்லையில் 82-இல் போன ஒரு கோடீஸ்வரருக்கு 1,21,000 யூரோ போட்டார்கள். படித்துவிட்டுச் சிரித்தவர்கள் உண்டு. எனக்கென்னவோ, 200 டாலருக்கு வாழ்வாதாரத்தை இழப்பதுதான் அதைவிட விநோதமாகத் தெரிகிறது.

பணம் எங்கே போகிறது என்ற கேள்விக்குப் பிரிட்டன் ஒரு பதில் வைத்திருக்கிறது. அங்கே சாலையோர நிறுத்தக் கட்டணத்தில் வரும் உபரியை உள்ளாட்சி இஷ்டப்படி செலவழிக்க முடியாது, சட்டம் குறிப்பிட்ட பணிகளுக்குத்தான். லண்டனின் பார்னெட் நிர்வாகம் வீட்டுக்காரர்களின் நிறுத்த அனுமதிக் கட்டணத்தை 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டுக்கு ஏற்றியது. பற்றாக்குறையை ஈடுகட்டப் பணம் திரட்டவே ஏற்றியிருக்கிறது என்று கண்ட உயர் நீதிமன்றம் 2013-இல் அது செல்லாது என்றது. இங்கே வித்தியாசம் மக்களின் நேர்மையில் கிடையாது. கல்லாப்பெட்டிக்குப் பூட்டு இருக்கிறதா என்பதில்தான்.

நீதிமன்றத்தில் நடந்தது

கியா சோல் கதைக்குத் திரும்புவோம். 2016 வரை, சொந்தக்காரர் திவால் மனு போட்டால் மாநகராட்சி வண்டியைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த வருஷம் விதியை மாற்றி, யார்டில் இருக்கும் வண்டியின் மேல் தனக்குப் பிடிமான உரிமை, அதாவது பாக்கி தீரும்வரை வைத்துக்கொள்ளும் உரிமை, உண்டு என்று எழுதிக்கொண்டது. அதை வைத்துத்தான் 2018-இல் மறுத்தது. மே மாதம் திவால் நீதிமன்றம் வண்டியைத் திருப்பிக் கொடு என்று உத்தரவிட்டது. மாநகராட்சி மேலே போனது. இதே போன்ற இன்னும் மூவரின் வழக்குகளும் சேர்ந்துகொண்டன.

தூக்குவது பொதுப் பாதுகாப்புக்காக, எனவே திவால் சட்டத்தின் தடை எங்களுக்குப் பொருந்தாது என்பது மாநகராட்சியின் வாதம். ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-இல் அதை ஏற்கவில்லை. மொத்தமாகப் பார்த்தால் இது பொதுப் பாதுகாப்புக்கான அதிகாரத்தைவிட வருமானம் வசூலிக்கும் வேலைதான் என்று தெளிவாகவே எழுதியது. எனக்கு இந்த வழக்கின் உயிர் அந்த வரியில் இருக்கிறது. இடத்துக்காகத் தூக்குவதையும் கடனுக்காகத் தூக்குவதையும் ஒரு நீதிமன்றம் வாய்திறந்து பிரித்துச் சொன்ன இடம் அது.

2021 ஜனவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. வாக்களித்த எட்டு நீதிபதிகளும் ஒருமனது. நீதிபதி அலிட்டோ எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: திவால் மனு வந்த பிறகு புதிதாக எதையும் பறிக்கக் கூடாது, ஆனால் ஏற்கெனவே கையில் இருப்பதைச் சும்மா வைத்துக்கொண்டிருப்பது அந்தக் குறிப்பிட்ட சட்டப் பிரிவை மீறியதாகாது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் தப்பில்லாத வாசிப்பு. நீதிபதி சோட்டோமேயர் உடன்பட்டுத் தனியாக எழுதினார். சிகாகோவின் நடைமுறை சட்டத்தின் எழுத்துக்குப் பொருந்தலாம், அதன் உயிருக்குப் பொருந்தவில்லை என்றார். வண்டி இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் தவணை இல்லை, தவணை இல்லாமல் திவால் சட்டத்துக்கே அர்த்தம் இல்லை என்பதுதான் அவர் எடுத்துக்காட்டியது. வண்டியைக் கேட்டு வாங்க வேறொரு பிரிவு இருந்தது. ஆனால் அதற்குத் தனி வழக்குப் போட வேண்டும், அப்படிப்பட்ட வழக்கு சராசரியாக நூறு நாளுக்கு மேல் இழுக்கிறது என்பதையும் அவரே சுட்டினார்.

இந்த இடத்தில் எனக்கு 1215-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மாக்னா கார்ட்டா சாசனம் நினைவுக்கு வருகிறது. அபராதம் தப்பின் அளவுக்குத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லும் அதன் 20-ஆம் பிரிவு அதோடு நிற்கவில்லை. வணிகனுக்கு அபராதம் போட்டால் அவன் சரக்கை விட்டுவிட வேண்டும், குடியானவனுக்குப் போட்டால் அவன் ஏரும் உழவுக் கருவியும் தப்ப வேண்டும் என்றது. ஜான் மன்னரை வழிக்குக் கொண்டுவரப் பிரபுக்கள் எழுதிய சாசனத்தில் ஏர் மாட்டுக்கும் இடம் இருந்தது. 2019-இல் இண்டியானாவில் ஒரு வண்டி பறிமுதல் வழக்கில் நீதிபதி கின்ஸ்பர்க் அந்தச் சாசனத்தைத் தொட்டுத்தான், அளவுக்கு மீறிய அபராதம் கூடாது என்ற அரசியல் சட்டப் பாதுகாப்பு மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று எழுதினார். பேருந்து எட்டாத புறநகரில் வேலைக்குப் போகிறவருக்கு ஒரு பழைய கார் என்ன? ஏர்தான்.

அதற்குப் பிறகு

மாற்றம் வரவே இல்லை என்று சொல்ல முடியாது. நிறுத்தச் சீட்டுப் பாக்கிக்காக உரிமத்தை முடக்குவதை இல்லினாய் 2020-இல் நிறுத்தியது, 50,000-க்கும் மேற்பட்டோருக்கு உரிமம் திரும்பியது. அதே வருஷம் சிகாகோ யார்டு வாடகைக்கு 1,000 டாலர் உச்சவரம்பு வைத்தது. வண்டி திருடுபோன பிறகு, அல்லது தனக்குத் தெரியாமல் வேறொருவர் ஓட்டியபோது, பிடிபட்டது என்று சொந்தக்காரர் வாதாடவும் வழி விட்டது. அதுவரை அந்த வழிகூட ஒழுங்காக இல்லை என்பதை நம்பக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்.

அபராதத்துக்கு அடிமையாகிவிட்டோம், இதிலிருந்து மீள வேண்டும் என்று சொல்லிப் பதவிக்கு வந்தவர் அப்போதைய மேயர் லோரி லைட்ஃபுட். கொரோனா காலத்தில் பட்ஜெட்டில் 120 கோடி டாலர் பள்ளம் விழுந்தது. 2021 மார்ச் 1 முதல், எல்லையைத் தாண்டி மணிக்கு 6 மைல் வேகமாகப் போனாலே கேமரா 35 டாலர் சீட்டு அனுப்ப ஆரம்பித்தது. அதற்கு முன்னால் 10 மைலை எட்டாதவரை விட்டுவிடுவார்கள். சாலை மரணங்கள் கூடிவிட்டன என்பது அவர் சொன்ன காரணம், அது உண்மையும்தான். ஆனால் அந்த அறிவிப்பு வந்தது பட்ஜெட் ஆவணத்தோடு.

வண்டியைத் திரும்பக் கேட்கத் தனி வழக்குப் போட வேண்டும் என்று சோட்டோமேயர் குறைபட்ட அந்த விதியும் கடைசியில் மாறியது. தனிநபர் கடனாளி இனி சாதாரண மனு ஒன்றின் மூலமே கேட்கலாம் என்று நாடு தழுவிய திவால் நடைமுறை விதிகளைத் திருத்தினார்கள். திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2024 டிசம்பர் 1. அந்த கியா சோலைக் கொக்கி மாட்டி இழுத்துப் போனதிலிருந்து எண்ணினால், ஏழு வருஷத்துக்கு 23 நாள் குறைவு.